எலும்பு நிறம் சொல்லாது

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இரண்டு விரல், மத்தியானம் ஒரு காது.

விரல்காரர், எங்கள் ஊரில் கணபதி என்கிற பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிறவர். சிலிக்கான் விரல்களை மாட்டி விரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வெளுப்பாகக் கிடைக்குமா என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். போன விரல்தான் போயிற்று, வருகிற விரலாவது நல்ல நிறமாக வரட்டுமே என்கிற ஆசை. ஆஸ்பத்திரியில் இந்தச் செயற்கை உறுப்பு அறைக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் சொல்கிற பதிலையே அவருக்கும் சொன்னேன். பக்கத்து விரலோடு சேராத விரலுக்கு விரலே இல்லாமல் இருக்கலாம். கையைப் பேண்ட் பையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு ஃபோன். மில்காரர் குடும்பம் நடத்தும் தனியார் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் விஜயராகவன் பேசினார். அவருடைய தாத்தா எகிப்திலிருந்து வாங்கி வந்த மம்மி ஒன்று அங்கே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. போன வருஷம் அதை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஸ்கேனை வைத்து யாரோ வெளியூரில் முகத்தைச் செய்து, சிலிக்கானில் வார்த்து அனுப்பிவிட்டார்களாம். நிறம் மட்டும் பாக்கி. அதை நான்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. செத்தவர்களுக்கு இதுவரை நான் வேலை செய்ததில்லை.

பெண் கேட்கும் பொள்ளாச்சிக்காரர்கள் என் மகள் தாரணியின் போட்டோ கேட்டிருக்கிறார்கள். கால்நடை டாக்டரைப் பெற்றால் இதுதான். எல்லாப் படத்திலும் பக்கத்தில் ஒரு மாடு நிற்கிறது. மாடு இல்லாத ஒன்றில் வெளிச்சம் போதவில்லை. கொஞ்சம் சரிசெய்து அனுப்பினேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. நாளைக்குத் தோசைதான்.

ஜூன் 6, வெள்ளி

முகத்தைப் பார்த்தேன். பால் வெள்ளையில், கண் மூடாமல், பீடத்தின் மேல் இருந்தாள். கழுத்து நீளம். கீழுதடு சற்றுத் தடிப்பு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எலும்பு தூக்கலாக இருக்கிறது. செத்தபோது இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள் இருக்குமாம். தாரணி வயசு.

ஹெப்சிபா என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். தெற்கே நாசரேத்துப் பக்கத்து அம்மா, பழைய எலும்புகளைப் படித்தவர். இந்த மம்மி விஷயத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவரிடம், என்ன நிறம் போட வேண்டும், அதைச் சொன்னால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எலும்பு நிறம் சொல்லாதும்மா. அதுதான் சங்கடமே."

மம்மியின் தோல் இப்போது கருப்பாக இருப்பது பூசிய பிசினாலும் காலத்தாலும். மரபணுவைப் பார்க்கக் கொடுத்த துணுக்கு, வெப்பத்தில் கெட்டுப்போய் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வரைந்து வைத்த சுவர்ப் படங்களைப் பார்க்கலாம் என்றால், பெரும்பாலும் ஆண்களுக்குச் செங்கல் நிறம், பெண்களுக்கு மஞ்சள் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு தீட்டியிருக்கிறார்கள். கடலோரத்து வடக்கில் ஒரு நிறம், நைலை எதிர்த்துத் தெற்கே போகப் போக வேறு நிறம், ஆயிரக்கணக்கான வருஷம் வந்தவர் போனவர் கலப்பு. இவள் அந்த ஆற்றில் எந்த ஊர்க்காரி என்பதே தெரியாது. படுத்திருக்கும் பெட்டிகூட இவளுடையது இல்லையாம். விற்றவன் எதையோ எதிலோ வைத்து விற்றிருக்கிறான்.

எனக்கு இது பழக்கமில்லாத சங்கடம். நான் நிறம் கலப்பது புத்தகத்தைப் பார்த்து அல்ல. ஆள் எதிரே உட்கார வேண்டும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை மேல் கையை மல்லாத்தி வைக்க வேண்டும். வெயில் படாத மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, அந்தச் சொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கலப்பேன். ஆளில்லாமல் எனக்குக் கை ஓடாது. இதைச் சொன்னபோது, அப்படியானால் தோராயமாகப் பார்க்க உங்கள் கையையே வைத்துப் பார்க்கலாமே என்றார் ஹெப்சிபா. என் கையில் சாயம் கரைக்கிற தின்னர் பட்டு ஊறல் எடுத்திருக்கிறது, நிறம் சரியாகக் காட்டாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொள்ளாச்சிக்குப் போட்டோ பிடித்துவிட்டது. ஆடி பிறக்குமுன் நேரில் பார்க்க வருகிறார்களாம்.

சுவரில் எங்கள் கல்யாணப் படத்தைத் துடைத்து மாட்டினேன். கருப்பு வெள்ளைப் படத்திலேயே என்னை வெளுக்க வைத்தவர் அந்த ஸ்டூடியோக்காரர், கெட்டிக்காரர்தான். கல்யாணத்துக்கு முன் அனுப்பிய படத்துக்கும் அவர்தான் கைவேலை செய்தார். நான் இந்த வீட்டுக்குள் வந்த அன்று, "போட்டோவுல இருந்த புள்ள எங்கடா?" என்று மாமியார் கூடம் நிறைய சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது.

அதற்கப்புறம் நான் படம் எடுத்துக்கொள்வதில்லை. நேரமும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வாத்தியாருக்குப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர் மருதாசலம்; தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மம்மிக்கு நிறம் சேர்க்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து மனுஷன் தரையில் நிற்கவில்லை. எகிப்துக்காரர்கள் இங்கிருந்து கப்பலில் போனவர்கள்தான் என்பது அவர் கட்சி. அவர்களும் ஆற்றங்கரை, நாமும் ஆற்றங்கரை. அவர்களும் காளையைக் கும்பிட்டார்கள், நாமும் கும்பிடுகிறோம். ராஜா ஒருவருடைய மம்மியின் மூக்குக்குள் மிளகு இருந்ததே, அது எந்த ஊர் மிளகு என்று என்னை மடக்கினார்.

மிளகு விற்றவன் சொந்தக்காரன் ஆகிவிடுவான் என்றால் நம் மளிகைக் கடைக்காரர் எனக்கு என்ன முறை என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, "வசந்தா, நல்லா நம்மாளுக கருப்பாவே போடு. வெள்ளக்காரன் கட்டுனான்னு எவனும் சொல்லக் கூடாது. அம்மாம் பெரிய கோபுரத்தக் கட்டுனது கருப்புத் தோலு" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். ஃபோனில் தாரணியிடமும் அதையே சொன்னார்.

அதே கையோடு பொள்ளாச்சிக்கு அனுப்ப வேண்டிய பயோடேட்டாவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். நிறம் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார். மாநிறம் என்றேன். அப்படியே போட்டார்.

ஜூன் 19, வியாழன்

அருங்காட்சியகத்தில் கூட்டம். விஜயராகவன் ஒரு படத்தை வைத்திருந்தார். ஏதோ பழைய சினிமா ராணி, கண்ணில் மை, தந்தம் மாதிரி தோல். எகிப்து என்றால் ஜனங்கள் மனசில் இதுதான் இருக்கிறது, டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த அழகு அவ்வளவுதான்.

வெளியாள் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார் ஹெப்சிபா. இத்ரீஸ் என்று பெயர். சூடானிலிருந்து வந்து இங்கே மருந்தியலில் ஆராய்ச்சி செய்கிறார். முப்பத்தைந்து வயசு இருக்கும். நூபியர் என்கிறார், எகிப்தின் தெற்குக் கோடியிலும் சூடானின் வடக்கிலும் இருக்கிற ஜனம். அவருடைய தாத்தாவின் ஊர் அணைத் தண்ணீரில் மூழ்கிப்போனது. ஊர் தண்ணீருக்கடியில் இருக்கிறது, முன்னோர்கள் ஊர் ஊராகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறார்கள், அவர்களுக்காவது சொந்த முகத்தைக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரப் பண்டிதர்கள் மண்டையோட்டை அளந்து பார்த்து, இதை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று எழுதி வைத்ததையும் சொன்னார். ஹெப்சிபா தலையாட்டினார். கடைசியாக இத்ரீஸ் சொன்னதுதான் என்னோடு பஸ் ஏறி வந்தது. இந்த ஊர்த் தெருவில் என்னை எந்த நிறம் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறார்களோ, அந்த நிறத்தை ஒரு ராணிக்குக் கொடுக்க மட்டும் யாருக்கும் மனசு வரமாட்டேன் என்கிறது என்றார்.

இவள் ராணி என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று ஹெப்சிபா மெதுவாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

முடிவாக, நான் மூன்று நிறத்தில் சிலிக்கான் மாதிரி வில்லை செய்து காட்ட வேண்டும் என்று ஆயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

தாரணி, வேலை பார்க்கிற உடுமலையிலிருந்து வந்தாள். வாரம் முழுக்க மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம். வெயிலில் நின்று நின்று கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். தொப்பி போடக்கூடாதா என்றேன். தொப்பியைப் பார்த்தால் எருமை மிரளுமாம்.

ஆளில்லாமல் கலக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இவளும் அந்த வயசுதானே என்று ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கையை மல்லாத்தி வைத்தாள். அவள் கையை இவ்வளவு நேரம் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. மணிக்கட்டில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டி ஒன்றைத் தலைகீழாக வெளியே எடுத்த கதையைச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே காவியில் கொஞ்சம் கருப்பு, ஒரு பொட்டு நீலம் என்று சேர்த்தேன். அவ்வளவு சுலபமாக எனக்கு எந்த நிறமும் வந்ததில்லை. இரண்டாவது சொட்டிலேயே மறைந்துவிட்டது.

"என்னம்மா, பாக்காமயே கலக்கற?" என்றாள்.

அனுபவம் என்றேன்.

அந்தக் கலவையைச் சின்ன டப்பாவில் ஊற்றி, தாரணி என்று ஒட்டி வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வில்லைகளைக் காட்டினேன். முதலாவது தாரணியின் நிறம். இரண்டாவது அதைவிட வெளுப்பு. மூன்றாவது கோதுமை. விஜயராகவன் மூன்றாவதை எடுத்து விளக்கடியில் பிடித்து, இன்னும் ஒரு படி ஏற்ற முடியுமா என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பிரஸ்காரரிடம் சொன்னேனே. ஆனால் இங்கே பக்கத்து விரல் என்று ஒன்றும் இல்லையே. ஏற்றுகிறேன் என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் தாரணிக்குப் புடவை எடுத்தேன். இலைப்பச்சை நன்றாக இருந்தது, ஆனால் ஆளைக் கருக்கடிக்கும். ரோஜா நிறம் எடுத்தேன். பார்லரிலும் சொல்லி வைத்தாயிற்று.

ஜூலை 6, ஞாயிறு

பொள்ளாச்சிக்காரர்கள் வந்து போனார்கள்.

பையன் கௌதம் குனிந்த தலை நிமிரவில்லை. நல்ல மாதிரி. அவன் அம்மா ஈஸ்வரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தாரணி தட்டைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காபியைக் குடித்தார். முறுக்கை இரண்டாக உடைத்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "புள்ள லட்சணமா இருக்குதுங்க. போட்டோவுல பாத்ததுக்குத்தான் கொஞ்சம் வித்தியாசமாத் தெரியுதுங்க" என்றார்.

வெயிலில் வேலையுங்க, அதனால் கருத்திருக்கிறாள், நாலு நாள் வீட்டில் இருந்தால் பழைய நிறம் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. தாரணி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் நடக்காதவள் போல ஈஸ்வரியம்மாவின் வீட்டு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டாள்.

ஜூலை 7, திங்கள்

ஈஸ்வரியம்மா ஃபோன் செய்தார். சம்மதமாம்! பையனுக்குப் பிடித்துவிட்டதாம். தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம் கேட்டார். கல்யாணத்துக்குள் பெண்ணை வெயிலில் அலையாத வேலைக்கு, ஆபீஸோ ஆய்வுக்கூடமோ, மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். ஏதோ கிரீமும் சொன்னார். அதெல்லாம் பெரிய விஷயமா, சரிங்க என்றேன். சமயம் பார்த்துத் தாரணியிடம் சொல்லிக்கொள்ளலாம். வாத்தியாரிடம் சொன்னேன். அவரும் அதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

ஜூலை 10, வியாழன்

முகத்துக்கு முதல் பூச்சு கொடுத்தேன், விஜயராகவன் கேட்ட நிறத்தில். பொம்மைக் கடை பொம்மை மாதிரி இருக்கிறாள். இரண்டாம் பூச்சில் சரியாகும்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

தாரணி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கௌதம் அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான், நீ வேலையை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் ஃபோனை வாங்கி, பொள்ளாச்சிக்குப் போன போட்டோவைத் தேடி எடுத்தாள். அதன் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளிச்சம் போதவில்லை கண்ணு, அதனால்தான் என்றேன்.

வாத்தியார் குறுக்கே வந்தார். ஊரில் எல்லோரும் செய்வதுதான், நாளைக்கு உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்த்து, "அப்பா, கோபுரம் கட்டுன கருப்புத் தோலுன்னு நீங்க சொன்னது யாரைங்க?" என்றாள். மனுஷன் வெளியே போய்விட்டார்.

பிறகு என் மேஜைக்குப் போனாள். தாரணி என்று ஒட்டிய டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. மாட்டுக்கு என்ன நோய் என்று மாட்டுக்காரனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"அவ செத்து எத்தனை ஆயிரம் வருசம் ஆச்சு. அவ நெறம் தெரியாம நீங்கெல்லாம் அடிச்சுக்கறீங்க. என்ற நெறம் உனக்குத் தெரியும்மா. கலக்கி டப்பாவுலயே வெச்சிருக்க. தெரிஞ்சுதான மாத்துன?"

சாப்பிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

தாரணி ஃபோனை எடுக்கவில்லை. நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. இன்று காலை லீவு போட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். நிறத்தை நிலைக்க வைக்கும் மேல்பூச்சு இன்னும் கொடுக்கவில்லை, தின்னரில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். கோதுமை நிறம் முழுவதையும் துடைத்தெடுத்தேன். பையில் தாரணியின் டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, கன்னம், மூக்கு, தாடை என்று பூசினேன். கை நிற்கவே இல்லை. அவளே எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தாரணி வந்து பார்க்கட்டும், அப்போது அவளுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே பூசினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஹெப்சிபா உள்ளே வந்து பின்னால் நின்றார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். இது யார் என்று கேட்டார். என் மகள் என்றேன். டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வாத்தியாரின் கோபுரப் பேச்சு, போட்டோ, பொள்ளாச்சி, வேலை மாற்றம், நான் சரிங்க என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழுக்கக் கேட்டார். நான் எதிர்பார்த்த ஆறுதல் வரவில்லை.

"இந்தப் பிள்ளகிட்ட எல்லாரும் எதையாவது வாங்கத்தான் வாறாங்க. முதலாளிக்கு ராணி வேணும். உங்க வீட்டுக்காரருக்குப் பெருமை வேணும். இத்ரீஸ் கேக்கதுல நியாயம் இருக்கு, ஆனா இவதான் அவர் ஊர்க்காரின்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் தெரியும்னு சொல்ல மாட்டேன். நீங்களும் இப்ப வாங்க வந்துட்டீங்க. உங்க மககிட்ட கேக்க வேண்டிய மன்னிப்ப இவ மூஞ்சில பூசாதீங்கம்மா."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. கோபமும் வந்தது. படித்தவர்களுக்கு எல்லாம் எளிது, பெண்ணைப் பெற்று இந்த ஊரில் கரையேற்றிப் பார்த்தால் தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே பஞ்சை எடுத்தேன். நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன். மகள் முகத்தைத் துடைத்தெடுப்பது லேசான காரியமாக இல்லை.

துடைத்து முடித்தபோது என் முழங்கை வரை அந்த நிறம் ஒட்டியிருந்தது. கழுவப் போனேன். எங்கே பூச்சு முடிகிறது, எங்கே என் தோல் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுலபமாக அது ஏன் கலந்து வந்தது என்று குழாயடியில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 21, திங்கள்

ஈஸ்வரியம்மாவுக்கு ஃபோன் செய்தேன். போட்டோவை நான்தான் வெளுப்பாக்கினேன் என்றேன். வெயிலில் கருத்ததாகச் சொன்னதும் பொய், அவள் பிறந்ததிலிருந்து அந்த நிறம்தான் என்றேன். வேலை மாற்றத்துக்கு நான் சரி சொன்னது அவளைக் கேட்காமல் சொன்னது, அவள் மாற்றிக்கொள்ள மாட்டாள் என்றேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்பிடீங்களா. யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார். இந்த ஊர்ப்பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கௌதம் தாரணியிடம் தனியாகப் பேசினானா, பேசுவானா, தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

அவளுக்கு என்ன பேசினேன் என்பதை மட்டும் செய்தியாக அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 30, புதன்

கூட்டம். இந்த முகத்துக்கு நிறம் போட மாட்டேன் என்றேன். விஜயராகவனுக்குக் கோபம், அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றார். எந்த நிறம் போட்டாலும் அதற்கு ஆதாரம் உண்டு என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார் ஹெப்சிபா. இத்ரீஸுக்கும் இது முழுத் திருப்தி இல்லை. தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் வெள்ளையாகத்தான் நினைத்துக்கொள்வார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அதனால் வெள்ளையாகவும் விடக் கூடாது என்று பேசி, கடைசியில் களிமண் சாம்பலில் நிறுத்தினோம். பூமியில் எந்த மனுஷனுக்கும் இல்லாத நிறம். பக்கத்தில், இன்று நைல் கரையில் கடலோரத்திலிருந்து இத்ரீஸின் ஊர்வரை வாழ்கிற ஜனங்களின் படங்களை வரிசையாக வைப்பது. கீழே பலகை: "இவளுடைய நிறம் நமக்குத் தெரியாது."

விஜயராகவன் உம்மென்று இருந்துவிட்டு, பலகையிலாவது எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம் செய்தேன். யாருக்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

திறப்பு விழா. நல்ல கூட்டம். சாம்பல் முகத்தைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு குழந்தை, இந்த அக்கா இன்னும் காயலையா என்று கேட்டது. வாத்தியார் முதலில் மூலையில் நின்றார். போகப் போக மனசு கேட்காமல் பலகையை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். மிளகையும் விடவில்லை. இத்ரீஸ் தன் ஊர்ப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தார்.

கூட்டம் கரையும் நேரத்தில் தாரணி வந்தாள். முகாமிலிருந்து நேராக வந்திருக்கிறாள், பேண்ட்டில் சாணி. நான் கூப்பிட்டிருக்கவில்லை. என்னிடம் வரவில்லை. முகத்துக்கு முன்னால் போய் நின்று, பலகையை வாசித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு என்பது மட்டும் வந்தது.

சாம்பல் முகத்தைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"இவளுது தெரியலேன்னு எழுதிட்ட. என்னோடது?"

எங்கள் வீட்டு மனுஷர் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மாநிறம் என்போம், புதுநிறம் என்போம், கொஞ்சம் கம்மி என்போம். நான் வளையலை மேலே தள்ளிவிட்டு, என் கையை முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி மேல் மல்லாத்தி வைத்தேன். அவள் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"கருப்பு. என்ற கருப்பு."

அவள் குனிந்து இரண்டு கையையும் பார்த்தாள். சொட்டு வைத்துப் பார்ப்பவள் போல மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"நில்லு. ஒரு போட்டோ எடுக்கோணும். ஆனா இது என்ற ஃபோன்லயே இருக்கும். நீ தொடக் கூடாது."

நின்றேன். கல்யாணப் படத்துக்கு நின்ற மாதிரியே விறைப்பாக நின்றேன் என்று அப்புறம் சொல்லிச் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. ராத்திரி பஸ்ஸுக்கு உடுமலை திரும்பிவிட்டாள்.

இப்போது அனுப்பியிருக்கிறாள். வெளிச்சம் போதவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.